ஷெட் மண்ணில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைத் தேடியபோது

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட். கழிவு ஆயில் ஊறிய தரை. மேல் மண்ணைச் சுரண்டிவிட்டு 5 முதல் 15 செ.மீ. ஆழத்தில் எடுத்தோம். எண்ணெய் படாத இடத்திலிருந்தும் ஒரு பை எடுக்க வேண்டும்; அது இல்லாமல் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. டிஎன்ஏவுக்கான மண் உடனே ஐஸுக்குள் போகணும். நெரிசலில் மாட்டவைக்கும் சில்க் போர்டு சந்திப்பு வழியாகப் போவதாக இருந்தால் ஐஸை இரட்டிப்பாக வையுங்கள்.

1 கிராம் மண்ணை 9 மி.லி. உப்புக் கரைசலில் (0.85%) கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, கார்பன் சேர்க்காத புஷ்நெல்-ஹாஸ் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) பரப்பினோம். தட்டைக் கவிழ்த்து, மூடியில் நாஃப்தலீன் துகள்கள்; அதன் ஆவிதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. 30 டிகிரி, ஒரு வாரம். கடையில் வாங்கும் அந்துருண்டை வேண்டாம், பலவற்றில் இருப்பது டைக்குளோரோபென்சீன்.

நாஃப்தலீன் வைக்காத தட்டிலும் காலனிகள் வரும். அகாரில் உள்ள கசடே அவற்றுக்குச் சாப்பாடு. இரண்டு தட்டுகளையும் ஒரே பெட்டியில் அடுக்கினால் ஆவி அங்கேயும் போய்ச் சேர்ந்து கணக்கே கெட்டுவிடும்.

அடுத்தது கேட்டகால், நாஃப்தலீனை உடைக்கும்போது இடையில் உருவாகும் சேர்மம். 0.1 மோலார் கரைசலை அன்றன்றைக்கே கலக்க வேண்டும், வைத்தால் பழுப்பாகிவிடும். லேசாகத் தெளித்தால் சில நிமிடங்களில் சில காலனிகள் எலுமிச்சை மஞ்சளாக மாறும்: கேட்டகால் வளையத்தை மெட்டா வழியில் (வளையத்தை வெட்டும் இரு வழிகளில் ஒன்று) உடைப்பவை அவை. மாறாதவற்றை ஒதுக்கிவிடாதீர்கள், ஆர்த்தோ என்ற மற்ற வழியில் உடைப்பவை மஞ்சளாவதில்லை. தெளிப்பதற்கு முன்பே காலனிகளை வேறு தட்டுக்குப் படியெடுத்துவிடுங்கள், கேட்டகால் நச்சு.

தட்டில் வளராதவற்றைப் பிடிக்க க்யூபிசிஆர் (ஒரு மரபணு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை), எண்ணெயில் உள்ள ஆல்கேன்களை உடைக்க உதவும் அல்க்-பி மரபணுவுக்கு. 0.25 கிராம் மண்ணிலிருந்து வந்த டிஎன்ஏ டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. டிஎன்ஏவின் சுத்தத்தைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 1-க்கும் கீழே. காரணம், மக்கிய பொருளிலிருந்து மண்ணில் சேரும் ஹ்யூமிக் அமிலம்தான்; அது பிசிஆர் வினையைத் தடுக்கும். இந்த நிலையில் 'மரபணு இல்லை' என்று முடிவு வந்தால் நம்பக்கூடாது. பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். தடை இல்லையென்றால் சிடி எண் (எத்தனையாவது சுற்றில் மரபணு தென்படுகிறது என்பது) சுமார் 3.3 கூடும். கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ என்சைமை ஏதோ தடுக்கிறது. இன்னும் நீர்க்கலாம், தடுப்பானைப் பிடித்துக்கொள்ள மாட்டு ஆல்புமின் என்ற புரதமும் சேர்க்கலாம்.

மரபணு இருக்கிறது என்பதால் அது வேலை செய்கிறது என்று ஆகாது. அதைப் பார்க்க டீசல் கலந்த மண் இரண்டு குடுவைகளில், ஒன்று கிருமி நீக்கியது. டீசல் தானாகவும் ஆவியாகும், அதைக் கழிக்கத்தான் இரண்டாவது குடுவை. டீசல் சேர்ப்பதற்கு முன் அந்த மண்ணை மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு தடவை ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். ஒரே தடவை செய்தால் தப்பிய ஸ்போர்கள் (பாக்டீரியாவின் உறங்கும் வித்துகள்) அடுத்த வாரமே முளைத்துவிடும்.