காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்

பேத்தி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் இயற்பியல் நோட்டை விரித்து வைத்துப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். எறிபொருள் கணக்கு. பீரங்கிக் குண்டை இன்ன வேகத்தில், இத்தனை டிகிரி சாய்வில் சுட்டால் எவ்வளவு தூரம் போய் விழும்? கடைசியில் அடைப்புக்குள் ஒரு வரி: காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்.

"ஏன் தாத்தா புறக்கணிக்கணும்?"

"கணக்கு சுலபமா வரணும்ல, அதுக்குத்தான்."

"அப்ப நிஜத்துல?"

நிஜத்தில் என்ன ஆகும் என்று அளந்து சொன்ன முதல் ஆள் செத்துப்போனது நம்ம கடலூர் தேவனாம்பட்டினத்தில்தான் என்றேன். "சும்மா கதை விடாதீங்க தாத்தா" என்று சிரித்தாள். அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். 1981இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கெடிலம் ஆற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் எல்லைத் தகராறு. ஊர்க் கணக்குப் பார்க்கிற கர்ணம் பதவியை அரசாங்கம் எடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊர்க்காரர்களுக்கோ இன்னும் பழைய கர்ணம் வந்து நின்றால்தான் அளவே செல்லும். எழுபது வயது மனிதர், குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றார். நான் சங்கிலி போட்டு, செயின்மேனை அதட்டி, வியர்த்து வழிந்து, மூன்று எல்லைகள் கூடுகிற முச்சந்திக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, நீங்க கல்லைத் தேடறீங்க. இது குண்டு கிராமம். இதுக்கு முதல் எல்லை போட்டது பீரங்கி."

கிழவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கல் கடைசியில் ஒரு வைக்கோல் போருக்கு அடியில் கிடைத்தது. அவர் சொன்னது மட்டும் மனசிலேயே தங்கிவிட்டது. பிற்பாடு மாவட்டப் பழைய கெசட்டியரைப் புரட்டியபோது அவர் சொன்னது அச்சில் இருந்தது.

1690. செஞ்சிக் கோட்டையில் மராட்டிய மன்னர் ராஜாராம். வெளியே முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படை. முற்றுகை என்றால் கைச்செலவுக்குப் பணம் வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலை பேசினார்கள். வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹூ யேல், பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்தவர். வேல்ஸ் வம்சாவளிக்காரர் என்பதால் வேல்ஸின் புனிதர் பெயரில் கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். கிரயத்தில்தான் விசேஷம். கோட்டை மட்டும் இல்லை, பீரங்கியைச் சுட்டால் குண்டு எட்டுகிற தூரத்துக்குள் உள்ள ஊர்கள் அத்தனையும் சேர்த்தி. பத்திரத்தில் இருக்கும் சொல் 'ரேண்டம் ஷாட்'. இதைக் 'குத்துமதிப்பாகச் சுட்டது' என்று புரிந்துகொள்ளக் கூடாது. குழாயை நேர்மட்டத்தில் வைத்துச் சுடுவது பாயிண்ட் பிளாங்க். வாயைத் தூக்கி வைத்து, எட்டுகிற மட்டும் எட்டட்டும் என்று சுடுவது ரேண்டம். அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்களின் தொழில் பாஷை அது.

சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்று வந்தது. வெடிமருந்து கெட்டித்து ஆதாயமாகச் சுடுவது பீரங்கிக்காரனின் கைத்திறமை என்ற பொருளில் மேலிடத்திலிருந்து குறிப்பும் வந்தது. திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். கடலூர் பட்டினமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கிற சர்வேயருக்குக் கோபம் வரும். எங்கள் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. ஒவ்வொரு சங்கிலிக்கும் ஓர் அம்பு குத்தி, பின்னால் வருகிற ஆள் அதைப் பிடுங்கி எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஒரு தடவை அம்பு ஒன்று புல்லுக்குள் கிடந்ததைக் கவனிக்காமல் 66 அடியைக் கோட்டை விட்டேன். அதற்கு மெமோ, விளக்கம், மறு அளவை, மூன்று மாதம் தலைகுனிவு. இவர்களோ ஒரு வெடி போட்டுவிட்டு ஊரையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். குண்டு விழுந்த இடத்தில் யார் நின்று பார்த்தது? அது விழுந்த பிறகு உருண்டு போன தூரம் சேர்த்தியா இல்லையா? உருண்டையான இரும்பு குண்டு காய்ந்த தரையில் பட்டால் தவளை மாதிரி எழும்பி எழும்பிப் போகும்.

பேத்திக்காகக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கோட்டை கடலோரம் என்பதால் பாதி வட்டம்தான் நிலம். குண்டு 2 மைல் போனால் அரைவட்டம் சுமார் 6.28 சதுர மைல். 2.5 மைல் போனால் 9.82. வித்தியாசம் மூன்றரை சதுர மைல், அதாவது 2,260 ஏக்கர். கூடுதலாக அரை மைல் தூரத்துக்கு ஆகும் மருந்துச் செலவு எவ்வளவு இருந்திருக்கும்? கைத்திறமை என்று எதைச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா?

"சரி, அதிகபட்சம் எவ்வளவு போகும்?" என்றாள். இங்கேதான் ராபின்ஸ் வருகிறார்.

பெஞ்சமின் ராபின்ஸ், 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். குடும்பம் குவேக்கர் குடும்பம். ஆயுதத்தையே தொடக் கூடாது என்கிற மதப்பிரிவு அது. அந்த வீட்டுப் பிள்ளை பீரங்கி அடிக்கும் சாத்திரத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டார். கலிலியோ காலத்திலிருந்து பீரங்கிக்காரர்கள் பெரும்பாலும் நம்பியது, குண்டு வளைந்து போகும் பாதை ஓர் அழகான பரவளையம் என்று. இரும்பு எவ்வளவு கனம், காற்று எவ்வளவு லேசு, அது போய் இதைத் தடுக்குமா என்ன? பீரங்கிக் குண்டின் வேகத்தில் இதை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளப்பதற்குக் கருவியும் இல்லை. கண்ணுக்கே தெரியாமல் பறக்கிற ஒன்றின் வேகத்தை எப்படி எடுப்பது?

ராபின்ஸ் ஓர் ஊஞ்சல் கட்டினார். கனமான மரக்கட்டை முன்னால் இருக்கும்படி மேலிருந்து தொங்கும் ஊசல். துப்பாக்கிக் குண்டு கட்டையில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடும். கட்டை பின்னால் ஆடும். அடியில் கட்டியிருக்கும் நாடா, ஆடிய தூரத்துக்கு இழுபட்டு அப்படியே நிற்கும். நாடாவை அளந்தால் கட்டையின் வேகம் கிடைக்கும், அதிலிருந்து குண்டின் வேகம். பெரிய எடை மெதுவாக நகர்வதைப் பார்த்து, சின்ன எடை எவ்வளவு வேகமாக வந்து மோதியது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகையில் பேத்தியை உட்கார வைத்து, கால்பந்தை எறிந்து இதைக் காட்டப் பார்த்தேன். பலகை அசையவில்லை. பந்து திரும்பி வந்து என் வீட்டம்மாவின் கோலப்பொடி டப்பாவைக் கவிழ்த்தது. சரி, விடுங்கள்.

ஊசலைத் துப்பாக்கிக்குக் கிட்டே வைத்து ஒரு தடவை, தள்ளி வைத்து ஒரு தடவை சுட்டார். தள்ளி வைத்தபோது வேகம் பெருமளவு குறைந்திருந்தது. இடையில் இருந்தது வெறும் காற்று. 1742இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். மூன்று வருஷத்தில் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தன் பங்குக்கு விளக்கமும் சேர்த்தார்.

24 பவுண்டு குண்டு நொடிக்குச் சுமார் 1,650 அடி வேகத்தில் கிளம்பும் என்பது ராபின்ஸ் எடுத்த கணக்கு. அந்த எண்ணைப் பேத்தியிடம் கொடுத்து, 45 டிகிரி, காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும் என்றேன். ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டாள்: 16 மைல், கிட்டத்தட்ட 26 கிலோமீட்டர். நிஜத்தில் அந்தக் குண்டு 3 மைலைக்கூடத் தாண்டாது.

அவள் கையில் செல்போன் வரைபடம் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் விரலை வைத்து 26 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டாள். மேற்கே பண்ருட்டி வரைக்கும் எட்டிப் பார்க்கிறது. வடக்கே பாண்டிச்சேரி முழுசாக உள்ளே. 1674லிருந்து அங்கே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களைக் கிரயப் பத்திரத்திலேயே முடித்திருக்கலாம்!

"அப்ப பாண்டியைக் காப்பாத்துனது காத்துதானா தாத்தா?"

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

1746ஆம் வருஷம் இரண்டு காரியம் நடந்தது. லண்டன் ராயல் சொசைட்டி, காற்றுத் தடை பற்றிய சோதனைகளுக்காக ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. இங்கே பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னைக் கோட்டையின் லட்சணம் சில நாட்களிலேயே தெரிந்துபோனது. ராபர்ட் கிளைவ் என்கிற குமாஸ்தாப் பையன் மாறுவேஷத்தில் தப்பித்து ஓடிவந்து சேர்ந்த இடம் தேவனாம்பட்டினம். தென்னிந்தியாவில் கம்பெனிக்குத் தலைநகரமே சில வருஷங்களுக்கு நம்ம ஊர்தான். பாண்டிச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துப்ளே படையை அனுப்பிப் பார்த்தார், கோட்டை அசையவில்லை. ஆனாலும் கம்பெனிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கோட்டைகளைச் சீர்செய்ய ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். 1750இல் கப்பலில் வந்து இறங்கினார். சென்னைக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் புது வரைபடங்கள் போட ஆரம்பித்தார். காய்ச்சல் கண்டது. 1751 ஜூலை 29இல் இங்கேயே இறந்தார். வயது 44.

குண்டு எட்டுகிற தூரத்தை எல்லையாக வைத்த ஊரில், குண்டு ஏன் அவ்வளவு தூரம்தான் எட்டுகிறது என்று சொன்ன மனிதர் வந்து ஒரு வருஷம் இருந்து போய்விட்டார். கடலூரில் கிளைவ் பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், மஞ்சக்குப்பத்தில் அவர் இருந்த பங்களாவைக் கையைக் காட்டிச் சொல்வார்கள். ராபின்ஸ் பெயரை நான் உள்ளூரில் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. கிளைவை விட இவர்தான் பெரிய ஆள் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கோட்டை என்ன ஆனது என்றால், 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்தார், ஜூன் 2இல் சரணடைந்தது, இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவ்வளவுதான்.

ராபின்ஸ் இன்னொரு கருவியும் செய்திருந்தார். நடுவில் நிற்கும் அச்சு, அதிலிருந்து நீட்டிய ஒரு கை. கயிற்றில் கட்டிய எடை இறங்க இறங்க, கிணற்று ராட்டினம் மாதிரி அச்சு சுற்றும், கையின் நுனியில் செருகிய பொருள் காற்றைக் கிழித்துக்கொண்டு சுழலும். தகட்டை இப்படி வைத்தால் ஒரு தடை, திருப்பி வைத்தால் வேறு தடை. பீரங்கிக்காகச் செய்த இந்தச் சுழல்கையை 1804இல் ஜார்ஜ் கேய்லி எடுத்து, நுனியில் இறக்கையை மாட்டிப் பார்த்தார். 1901இல் ரைட் சகோதரர்கள் பொருளைச் சுற்றுவதற்குப் பதில் காற்றை ஓடவிட்டார்கள். மரப்பெட்டி, ஒரு விசிறி, உள்ளே குட்டி குட்டி இறக்கைகள். 1909இல் அவர்களிடம் அமெரிக்க ராணுவம் விமானம் வாங்கியது. 1911 நவம்பரில் லிபியாவில் இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி, பறந்துகொண்டே ஒரு கையால் குண்டுக்கு மருந்துத் திரியைப் பொருத்தி, கீழே போட்டார். போரில் விமானத்திலிருந்து விழுந்த முதல் குண்டுகள் அவை.

"அதுக்கும் காத்துத் தடை உண்டுதானே?" என்றாள். உண்டு. விமானம் ஓடுகிற வேகத்தோடு குண்டும் முன்னால் போகும், காற்று அதைப் பின்னால் இழுக்கும். அந்தக் காலத்து விமானிகள் கண் மதிப்பில் போட்டுப் பெரும்பாலும் கோட்டை விட்டார்கள்.

அதே ஞாயிறு சாயங்காலம் ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கெடிலம் கடலில் சேர்கிற பக்கம் கோட்டை என்று சொல்ல மிச்சம் இருப்பது கொஞ்சம் செங்கல், கொஞ்சம் மேடு, நிறையப் புதர். பத்து நிமிஷத்தில் அவளுக்குச் சலிப்பு தட்டிவிட்டது. "பீச்சுக்குப் போலாம் தாத்தா."

சில்வர் பீச்சில் நல்ல கூட்டம். சுண்டல் வாங்கினோம். மணலில் ஒரு பலூன் சுடும் கடை. பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஸ்டூலில் ஏர் துப்பாக்கி. பத்து குண்டு முப்பது ரூபாய். வலது கைப்பக்கம் கடல், அங்கிருந்து காற்று விசிறி அடிக்கிறது, பலூனெல்லாம் ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து படபடக்கிறது. பேத்தி துப்பாக்கியைத் தோளில் அழுத்தி, நேராகக் குறிவைத்துச் சுட்டாள். மஞ்சள் பலூன் அப்படியே இருந்தது. இன்னொன்று. அதுவும் போச்சு.

கடைக்காரப் பையன் பீடியைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"காத்து இருக்குது பாப்பா. கடல் பக்கமா ஒரு விரக்கட தள்ளி வெச்சு அடி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.