பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை

2025 ஜூன் 7, சனி

தங்கை புது வீட்டுக்கு ‘நிழல்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். “எழுத்து பள்ளமா இருக்கணும் அண்ணா, உள்ளே கறுப்பு அடிச்சுக் கொடு” என்றாள். லேசர் பிரிண்டரின் டோனரை இஸ்திரிச் சூட்டில் தகட்டுக்கு மாற்றி, டோனர் மூடாத இடத்தைக் கரைசலில் அரித்துப் பள்ளமாக்கப் போகிறேன். அப்படியென்றால் எழுத்து மட்டும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். சுற்றியிருக்கும் பரப்பு முழுவதையும் டோனர் மூட வேண்டும். டோனர் மை அல்ல, நிறமி கலந்த பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். பித்தளையை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல் அதை ஒன்றும் செய்யாது. இங்க்ஜெட் பிரிண்ட் இந்த வேலைக்கு உதவாது.

சென்னை பாரிமுனைப் பக்கம் 18 கேஜ் தடிமனில் பித்தளைத் தகடு எடை போட்டு வாங்கினேன். ஃபெரிக் குளோரைடு ரிச்சி தெருவில் கிடைத்தது.

ஜூன் 8, ஞாயிறு

படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்தாயிற்று. கடைப் பையன், “எழுத்து திரும்பியிருக்கே சார்” என்று நிறுத்தினான். கவனமான பையன். தகட்டில் பதியும்போது நேராகிவிடும் என்றேன். எழுத்தைக் கொஞ்சம் ஒல்லியாகவே வரைந்திருக்கிறேன். கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிக்காது, பக்கவாட்டிலும் தின்னும். ‘ல்’ எழுத்தின் சுழிக்குள் இருக்கும் குட்டித் தீவுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஜூன் 14, சனி

இன்றைய வேலைதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். மற்றவர்கள் அரிக்கும் நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், தகட்டைச் சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. புளி போட்டுக் கறையை எடுத்தேன். பிறகு ஸ்க்ரப்பரால் வட்ட வட்டமாகத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினேன். தண்ணீர் விட்டால் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருக்கிறது, டோனர் அங்கே பிடிக்காது. கடைசியாக அசிட்டோன். அதன்பின் விரல் படக் கூடாது.

நீராவித் துளைகள் உள்ள இஸ்திரிப்பெட்டி வேண்டாம். துளைக்குக் கீழே சூடு குறையும். அம்மாவின் பழைய பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்து, மரப்பலகை மேல் தகடு, அதன்மேல் அச்சுப்பக்கம் கீழே பார்த்த தாள் என்று அடுக்கி, அழுத்தினேன். இழுத்துத் தேய்த்தால் எழுத்து வழுக்கிக் கலங்கிவிடும். தகடே சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் நாலைந்து நிமிடம் பொறுமை வேண்டும்.

ஆறியதும் சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறல். தாளின் மேல் பூசிய களிமண் பூச்சு நெகிழ்ந்ததும், கட்டைவிரலால் உருட்டி உருட்டித் தாளை எடுக்க வேண்டும், உரிக்கவே கூடாது. ஈரமாக இருக்கும்போது எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். காயவைத்துப் பார்த்தால் ‘ழ’வின் வளைவு நெடுக வெள்ளையாகப் பஞ்சு போல நார். அது இருக்கும் இடத்தில் கரைசல் இறங்காது. பழைய டூத்பிரஷ்ஷால் நனைத்துத் தேய்த்து, மறுபடி காயவைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெரிய கறுப்புப் பரப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கத்தான் செய்யும். பெர்மனன்ட் மார்க்கரால் ஒவ்வொன்றாக அடைத்தேன். பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் டேப்.

ஜூன் 15, ஞாயிறு

பால்கனி, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. பிளாஸ்டிக் தட்டை வெந்நீரில் வைத்து, கரைசலை 40 டிகிரிக்குச் சூடாக்கினேன். எவர்சில்வர் பாத்திரம் கூடாது, அதையும் அரித்துவிடும். தகட்டை முகம் கீழே பார்க்கத் தொங்கவிட்டால் கசடு தானே உதிரும். அவ்வப்போது எடுத்து ஊசிமுனையால் ஆழம் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. சோடா உப்பு போட்டுக் கழுவி, அசிட்டோனால் டோனரைத் துடைத்தேன். சுழிக்குள் தீவு சின்னதாகியிருக்கிறது, ஆனால் நிற்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

கறுப்பு எனாமல் நிரப்பிக் காயவிட்டு, மரக்கட்டையில் சுற்றிய 600 நம்பர் உப்புத்தாளால் மேல்பரப்பை இழைத்தேன்.

கரைசலை மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் பெயர் எழுதி எடுத்துவைத்திருக்கிறேன். இன்னும் பல தகடுகளுக்கு வரும். தீர்ந்தாலும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. சலவைச் சோடா போட்டுப் படியவைத்து, வடிகட்டிய கசடை உலர்த்தி, அபாயக் கழிவாகத் தனியே கொடுக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

தங்கை வீட்டு வாசலில் மாட்டியாயிற்று. பித்தளைத் திருகாணிதான் போட்டேன். இரும்பு போட்டால் மழை ஈரத்தில் பித்தளையோடு சேர்ந்து சீக்கிரம் துருப்பிடித்து, சுவரில் செங்கறை வழியும். அடுத்து கதவு எண்ணுக்குச் செப்புத் தகடு கேட்கிறாள்.