மூன்றாவது வேகன்

என் மாடல் ரயிலில் இன்றைக்கும் அதே பாயிண்ட், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம். அதே மூன்றாவது வேகன். டக்கென்று ஒரு சத்தம், சக்கரம் தண்டவாளத்துக்கு வெளியே.

பாயிண்ட்டைக் குறை சொல்லும் முன் வேகனைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஹெச்ஓ என்ற மாடல் அளவில் (1:87, நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் சக்கரங்களில் இது குறைந்திருக்கும். நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது, பாயிண்ட்டில்தான் மாட்டும். இரு சக்கரங்களையும் மெல்லத் திருகிக்கொண்டே வெளிப்பக்கம் இழுத்தால் சரியாகும். உலோகச் சக்கரமாக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது, அழுக்கும் குறைவாகவே ஒட்டும்.

அடுத்தது எடை. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் ஆர்வலர் சங்கம்) பரிந்துரைப்படி அடிப்படை 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். 6 அங்குல வேகன் என்றால் 112 கிராம். காலி வேகன்கள் பெரும்பாலும் இதற்குக் கீழேதான். வேகனின் தரையை ஒட்டி, நடுவில் சமமாக எடை வையுங்கள். தண்டவாளத்துக்கு அடியில் காந்தம் வைத்து வேகன்களின் இணைப்பைக் கழற்றுபவர்கள் இரும்பு வாஷர் போடாதீர்கள், காந்தம் வேகனையே இழுக்கும்.

பலரும் தவறவிடுவது போகி திருகு. வேகனின் இரு முனையிலும் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்தான் போகி. இரண்டையும் இறுக்கினால் வேகன் மேடு பள்ளத்துக்கு வளையாது. ஒன்று தாராளமாக ஆடட்டும். மற்றது திரும்ப மட்டும் செய்யட்டும், பக்கவாட்டில் சாயக்கூடாது.

அச்சு முனைக்கு எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்க்கும். கிராஃபைட் பொடி ஒரு சிட்டிகை போதும்.

கடைசியில் அந்த வேகனை பாயிண்ட் வழியாகப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இழுக்கும்போது ஒளிந்திருக்கும் கோளாறு தள்ளும்போது வெளியே வந்துவிடும்.