அக்கா தேர்தலில் நின்றார், நான் ராணுவத்தில் இருந்தேன்

அமெரிக்க ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜென்ட்டாக இருக்கிறேன். ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழுநேரப் பணி, வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் தளத்தில். நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் குடும்ப நண்பர் ஒருவர், பக்கத்தில் ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கமிஷனர் பதவிக்கு, அதாவது அதை நிர்வகிக்கும் குழுவில் ஓர் இடத்துக்கு, கட்சி வேட்பாளராக நின்றார். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்புமனு கொடுத்த வாரமே அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்துவிட்டது. துண்டறிக்கையைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டும். நிதி திரட்டும் விருந்தில் நான் அஞ்சு நிமிடம் பேச வேண்டும். நான் சீருடையில் இருக்கும் குடும்பப் படம் ஒன்று அவருடைய இணையதளத்துக்கு வேண்டும். முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களில் வயதானவர்களைக் காரில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஃபேஸ்புக்கில் அவர் போடுவதையெல்லாம் பகிர வேண்டும். கடைசியில், "முடிஞ்சா ஏதாவது டொனேஷன், கட்டாயம் இல்ல தம்பி."

இதில் ராணுவம் தாராளமாக அனுமதிப்பது அந்தக் கடைசி ஒன்றை மட்டும்தான். அது எனக்கு அப்போது தெரியாது. ஓட்டுப் போடலாம், சீருடையோடு மேடை ஏறக் கூடாது, இந்த இரண்டும் எல்லாச் சிப்பாய்க்கும் தெரியும். நடுவில் இருப்பதுதான் குழப்பம்.

முதலில் எங்கள் யூனிட்டின் வாக்களிப்பு உதவி அதிகாரியிடம் போனேன். ஒவ்வொரு யூனிட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "எப்படி ஓட்டுப் போடுவது என்று கேளுங்கள், சொல்கிறேன். இதெல்லாம் சட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டியது." சரி என்று அங்கே இருக்கும் எத்திக்ஸ் ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: "தேர்தலில் உதவலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொதுவான பதில்தான் வரும். செய்யப்போகும் ஒவ்வொரு காரியத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்: எங்கே, எந்த உடையில், யார் ஏற்பாடு. நான் அக்காவின் பட்டியலையே அப்படிப் பிரித்து எழுதினேன். நேரில் வரச் சொன்னார்கள்.

ராணுவ வழக்கறிஞரான ஒரு கேப்டன் என் மின்னஞ்சலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் பாதுகாப்புத் துறையின் உத்தரவு 1344.10. 2008 பிப்ரவரியில் வந்தது, பெரிய ஆவணமும் இல்லை. என்னென்ன செய்யலாம் என்று ஒரு பகுதி, என்னென்ன கூடாது என்று ஒரு பகுதி. மீறினால் ராணுவ நீதிச் சட்டத்தின் 92ஆம் பிரிவில், அதாவது ஆணையை மீறிய குற்றத்தில், நடவடிக்கை எடுக்க முடியும் என்பதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

மேடைப் பேச்சு: கூடாது. கட்சிக் கூட்டத்தில் பேசுவது நேரடியாகவே தடை, சாதாரண உடையில் போனாலும். சீருடைப் படம்: கூடாது. இதை விளக்க 2020 ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னார். ஒரு கட்சி மாநாட்டின் காணொளியில் அமெரிக்க சமோவா பிரதிநிதிகளுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் சீருடையில் நின்றிருந்தார்கள். வாயே திறக்கவில்லை. அதற்கே ராணுவம் விசாரணை வைத்தது.

காரில் வாக்காளர்களை ஏற்றிப் போவதும் அடிபட்டது, ஏனென்றால் ஏற்பாடு அக்காவின் பிரசாரக் குழுவுடையது. பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டு நானாக ஏற்றிப் போவது வேறு, கட்சி போட்ட அட்டவணைப்படி ஓட்டுவது வேறு.

என்னைக் கொஞ்சம் உறுத்தியது மொழிபெயர்ப்புதான். நான் ராணுவத்தில் சேர்ந்ததே மாவ்னி திட்டத்தில். குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாதவர்களை, ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்திருந்தால் எடுத்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. தமிழுக்காக என்னை எடுத்த ராணுவம், ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதக் கூடாது என்றது. வேட்பாளருக்காக எழுத்து வேலையோ வேறு வேலையோ செய்யக் கூடாது என்பது விதி. வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்காமல் செய்தாலும் அது பிரசார வேலைதான். கேட்டதும் அநியாயமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால், உறை ஒட்டுவதற்கு ஒரு நியாயம் மொழிபெயர்ப்புக்கு ஒரு நியாயம் என்று பிரிக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

ஃபேஸ்புக் விதி இன்னும் நுணுக்கம். அக்காவின் பக்கத்தை லைக் செய்யலாம். அவர் போட்டதைப் பகிரக் கூடாது, அது கட்சிப் பிரசுரத்தை விநியோகிப்பதற்குச் சமம். என் சொந்தக் கருத்தை எழுதலாம். ஆனால் நான் ராணுவத்தில் இருப்பது அந்தப் பக்கத்தில் தெரிகிறது என்றால், இது என் கருத்து மட்டுமே, பாதுகாப்புத் துறையின் கருத்து அல்ல என்று தெளிவாகப் போட வேண்டும். என் முகப்புப் படமே சீருடையில் இருந்தது. அதை மாற்றி மகளின் படத்தை வைத்தேன்.

பம்பர் ஸ்டிக்கர் சொந்தக் காரில் ஒட்டலாம், பெரிய பேனர் மாட்டக் கூடாது. பெரியது என்றால் எத்தனை அங்குலம் என்று கேட்டேன். "அளவெல்லாம் போடவில்லை. ஸ்டிக்கர் என்றால் ஸ்டிக்கர் மாதிரி இருக்கட்டும், சார்ஜென்ட்." நாங்கள் தளத்துக்குள் குடியிருப்பதால் வீட்டு வாசலில் கட்சிப் பலகை நடக் கூடாது. அந்த வீடுகளைத் தனியார் நிறுவனம் பராமரித்தாலும் இதே விதிதான். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "நான் ராணுவத்துல சேரலியே!" உத்தரவு அவளைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். அவள் வீடு வீடாகப் போய் அக்காவுக்கு ஓட்டுக் கேட்டாள், தொலைபேசியில் பேசினாள், துண்டறிக்கையையும் கடைசியில் அவளே தமிழில் எழுதினாள். பலகையை மட்டும் விட்டுக்கொடுத்தாள், ஏனென்றால் வீடு என் பெயரில் கிடைத்தது. எங்கள் தெருவில் யாருக்கும் அக்காவின் கவுண்டியில் ஓட்டே கிடையாது என்பது வேறு விஷயம்.

கேப்டன் சொன்னதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, ஒவ்வொரு வரிக்கும் கீழே பதில் எழுதி அனுப்பினார். அக்காவுக்கு அதைக் காட்டியபோது கொஞ்சம் வருத்தம்தான். "அப்ப நீ வந்து சும்மா உக்காருவியா தம்பி?" ஆமாம் அக்கா, அதேதான். பார்வையாளராக, சீருடை இல்லாமல், விருந்துக்குப் போகலாம். டிக்கெட் வாங்கலாம், விற்கக் கூடாது.

சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த விருந்தில்தான் தெரிந்தது. வாசலிலேயே என் பெயர் அட்டையில் பெயருக்கு முன்னால் பதவியைப் போட்டு வைத்திருந்தார்கள், மரியாதைக்காக. அதைக் கிழித்துவிட்டு வெறும் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டேன். தொகுத்து வழங்கிய பையனிடம், என்னை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம், ராணுவம் என்று அறிமுகப்படுத்த வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவைத்தேன். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போகிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன். நாற்காலி மடிப்பது "வேறு வேலை"யில் சேருமா என்று கேப்டனிடம் கேட்டிருக்கவில்லை. பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அங்கேயே, பெரும்பாலும் பகுதிநேரமாகப் பணிபுரியும் படையான நேஷனல் கார்டில் இருக்கும் ஒரு நண்பர் மேடை ஏறி அக்காவை ஆதரித்துப் பேசினார். அவருக்கு அது சரி. ஆக்டிவ் டியூட்டியில் இல்லாதபோது அவர்களுக்குக் கட்டுப்பாடு குறைவு: சீருடை போடக் கூடாது, ராணுவமே ஆதரிப்பதாகத் தோன்றும்படி நடக்கக் கூடாது. என் அலுவலகத்தில் எதிர் மேசையில் இருக்கும் சிவிலியன் ஊழியருக்கு வேறு சட்டம், 1939ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டம். வேலை நேரம் போக அவர் வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்யலாம், ஆனால் நன்கொடை கேட்கக் கூடாது. ஆகையால் பக்கத்தில் இருப்பவர் செய்கிறாரே என்று பார்த்து எதையும் தொடங்காதீர்கள்.

இந்த விதிகளில் மயிர் பிளக்கும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் கீழே இருக்கும் இளம் சிப்பாய் ஒருவன் மதிய உணவின்போது, "நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள், சார்ஜென்ட்?" என்று கேட்டபோது விதியின் அர்த்தம் எனக்குச் சட்டென்று புரிந்தது. சொந்தக் கருத்தைச் சொல்ல எனக்குத் தடை இல்லை. ஆனால் அவனுடைய மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவது நான். நான் ஒரு பெயரைச் சொன்னால் அவன் காதில் அது வெறும் கருத்தாக விழுமா? "ஓட்டுச்சீட்டுக்கு விண்ணப்பித்தாயா?" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றான். அன்று மாலையே கூட்டரசு அஞ்சலட்டை விண்ணப்பத்தை இணையத்தில் எடுத்து நிரப்ப வைத்தேன். வெளியூரில் பணிபுரியும் ராணுவத்தினர் ஓட்டுக்குப் பதிவு செய்யவும் சீட்டுக் கேட்கவும் இந்த ஒரே படிவம் போதும். நேரத்தோடு விண்ணப்பித்தவர்களுக்குக் கூட்டரசுத் தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன்பே சீட்டை அனுப்பிவிட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம்.

என் ஓட்டு டெக்ஸாஸில். சட்டப்படி என் குடியிருப்பு இன்னும் அங்கேதான், அதனால் அக்காவுக்கு ஓட்டுப் போடவும் என்னால் முடியவில்லை.

அக்கா தோற்றுவிட்டார், பெரிய வித்தியாசத்தில் இல்லை. மறுபடியும் நிற்பேன் என்கிறார். இதற்கிடையே, நீயே பள்ளி வாரியத்துக்கு நில்லேன் என்று மனைவி கிளப்பிவிட்டிருக்கிறாள். அதிகாரி அல்லாத சிப்பாய்களுக்கு அதற்கு இடம் உண்டு, கட்சி சாராத பதவியாக இருந்து, பணிக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால். வட கரோலினாவில் சில கவுண்டிகளில் பள்ளி வாரியத் தேர்தலே கட்சி அடையாளத்தோடு நடக்கிறது. எங்கள் கவுண்டியில் எப்படி என்று பார்த்துவிட்டு, கேப்டனுக்கு அடுத்த மின்னஞ்சலை எழுத வேண்டும். நாற்காலியையும் அதிலேயே கேட்டுவிடுவேன்.