பெயர் அழிக்கப்பட்ட முத்திரைகள்: வேக்ஃபீல்ட் கப்பலின் தபால்

என் சேகரிப்பில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்திருக்கும் இரண்டு தபால் உறைகளை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. முதலாவது 1941ஆம் ஆண்டுக் கோடையைச் சேர்ந்தது. அதன் முத்திரை வட்டத்தில் யு.எஸ்.எஸ். வேக்ஃபீல்ட் என்ற கப்பலின் பெயர் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது 1944இல் அதே கப்பலிலிருந்து சென்றது. அதன் முத்திரையில் தேதியும் 'யு.எஸ். நேவி' என்ற சொற்களும் மட்டுமே உள்ளன. அஞ்சல்தலை ஒட்ட வேண்டிய மூலையில், கட்டணமில்லை என்று பொருள்படும் 'ஃப்ரீ' என்ற சொல் கையால் எழுதப்பட்டிருக்கிறது. இடப்பக்கத்தில் கடற்படைத் தணிக்கை முத்திரையும், அதற்குள் ஓர் அதிகாரியின் சுருக்கொப்பமும் உள்ளன.

வேக்ஃபீல்ட் போருக்கென்று கட்டப்பட்ட கப்பல் அன்று. மன்ஹாட்டன் என்ற பெயரில் 1932 முதல் அட்லாண்டிக்கைக் கடந்துவந்த சொகுசுப் பயணிக் கப்பலான அதை அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டு, 1941 ஜூன் 15 அன்று துருப்புக் கப்பலாகப் பணியில் சேர்த்தது. அதை இயக்கியவர்கள் கடலோரக் காவல் படையினர் என்பதால், உறையின் மூலையில் அனுப்புநர் பெயரை அடுத்து 'யு.எஸ்.சி.ஜி.' என்ற எழுத்துகள் வரும். கடற்படையின் முத்திரையும் கடலோரக் காவல் படையின் எழுத்துகளும் ஒரே உறையில் இருப்பதைப் பார்த்துப் புதிதாகச் சேகரிப்பவர்கள் குழம்புவதுண்டு. 1941 நவம்பர் 1 முதல் அந்தப் படையே கடற்படையின்கீழ் கொண்டுவரப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

அமெரிக்கப் போர்க்கப்பல்களில் 1908 முதலே தபால் நிலையங்கள் இருந்தன. கடற்படைத் தபால் எழுத்தர் ஒருவர் அஞ்சல்தலை விற்பார், முத்திரை குத்துவார், பையைக் கட்டிக் கரைக்கு அனுப்புவார். அமைதிக் காலத்தில் அந்த முத்திரையில் அஞ்சல்தலைமீது விழும் கோடுகளுக்கிடையே கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரைக்கூடச் சேர்ப்பதுண்டு. அமெரிக்கா போரில் இறங்கியதும் இவையெல்லாம் நின்றுபோயின. புதிய முத்திரை வந்து சேராத சில கப்பல்களில், பழைய முத்திரையிலிருந்த பெயரெழுத்துகளையே வெட்டி நீக்கிவிட்டுப் பயன்படுத்தினார்கள். கப்பல் முத்திரைகளை வகைப்படுத்தும் லோசி முறையில் இப்படிப் பெயர் நீக்கப்பட்டவற்றுக்கு 'இசட்' என்ற எழுத்தைச் சேர்த்துக் குறிப்பார்கள்.

முத்திரையில் மறைத்த பெயரை, அனுப்புநர் முகவரியில் மாலுமிகள் எழுதலாம் என்பதுதான் என்னை முதலில் வியக்க வைத்தது. கப்பலின் பெயரையும் அதன்கீழ், கப்பல்களுக்கான தபாலைக் கையாளும் கரை நிலையமான 'ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், நியூயார்க்' என்பதையும் எழுதினால் போதும். கப்பல் எங்கே, எந்த நாளில் இருந்தது என்பதுதான் காக்கப்பட வேண்டிய செய்தி. முகவரி நியூயார்க்கை மட்டுமே காட்டியது. கடிதத்துக்குள் இடத்தின் பெயர் வந்தால் தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கோல் அதை எடுத்துவிடும். ஆகவே போர்க்கால உறையைப் படிக்க விரும்புபவர், மூலையிலிருந்து கப்பலையும், முத்திரையிலிருந்து நாளையும், கப்பலின் பயணப் பதிவிலிருந்து இடத்தையும் எடுத்து ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். வணிகர்களின் மலிவுப் பெட்டியில் கிடக்கும் 'யு.எஸ். நேவி' உறைகள் பலவற்றுக்கு இந்த உழைப்பு செய்யப்படவே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்தக் கப்பலின் பயணப் பதிவில் நான் மீண்டும் மீண்டும் திரும்பும் பகுதி 1941 நவம்பரில் தொடங்குகிறது. பிரிட்டனின் 18ஆவது காலாட்படைப் பிரிவின் ஏறத்தாழ 20,000 வீரர்களை ஆறு அமெரிக்கக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு, நவம்பர் 10 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு கப்பல் அணி புறப்பட்டபோது அமெரிக்கா இன்னும் போரில் சேர்ந்திருக்கவில்லை. டிசம்பர் 9 அன்று கேப்டவுனை அடைந்தபோது சேர்ந்துவிட்டிருந்தது. வேக்ஃபீல்ட் அங்கிருந்து பம்பாய்க்கு வந்து, பின்னர் 1942 ஜனவரி 29 அன்று சிங்கப்பூரில் தன் வீரர்களை இறக்கியது. மறுநாள் ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டொன்று கப்பலின் மருத்துவ அறையில் வெடித்து ஐவரைக் கொன்றது. சில மணி நேரத்துக்குள் 401 பிரிட்டிஷ் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கப்பல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டது. இறந்தவர்களைக் கடலில் அடக்கம் செய்தார்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்து, வேக்ஃபீல்ட் இறக்கிவிட்ட வீரர்கள் சிறைப்பட்டார்கள். அந்தப் பயணத்தின்போது எழுதிய கடிதங்களுக்குப் பிறகு, தங்கள் பிள்ளைகளின் கையெழுத்தை எத்தனையோ வீடுகள் நெடுங்காலம் பார்க்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்று முகத்துவாரத்திலிருந்து நியூயார்க் திரும்பும் வழியில் கப்பலில் தீப்பிடித்தது. எல்லோரையும் காப்பாற்றினார்கள், எரிந்துபோன கப்பலை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்துச் சென்றார்கள். பாஸ்டனில் மீண்டும் கட்டப்பட்டு 1944 பிப்ரவரி 10 அன்றுதான் அது பணிக்குத் திரும்பியது. என் சேகரிப்பில் இந்த இடைவெளிக்கு இரண்டு தேதிகள் மட்டும் எழுதிய ஒரு வெற்றுத்தாளை வைத்திருக்கிறேன்.

திரும்பிய பிறகு பாஸ்டனுக்கும் லிவர்பூலுக்கும் இடையே அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் 'பாஸ்டன்–லிவர்பூல் பயணப் படகு' என்றே அழைத்தார்களாம். ஐரோப்பாவுக்கு 1,10,563 துருப்புகளைக் கொண்டு சென்று, 1,06,674 பேரைத் திரும்ப அழைத்து வந்த கப்பல் அது. ஆனால் இந்தப் பயணிகளின் கடிதங்களில் கப்பலின் பெயரைத் தேடிப் பயனில்லை. மாலுமிகளைப் போலன்றி, அவர்களுடைய முகவரி தத்தம் படைப்பிரிவின் தபால் எண்தான்; பயணத்தில் எழுதியவை கப்பல் பத்திரமாகச் சேரும்வரை நிறுத்தி வைக்கப்பட்டன.

அப்படி ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. 'கடல் பயணம் முடிந்தது, நலமாக இருக்கிறேன்' என்பதற்கு மேல் பயணத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எழுதிய தேதி வேக்ஃபீல்ட் லிவர்பூலை அடைந்த ஒரு நாளோடு நெருங்கி வருகிறது. எழுதியவரின் படைப்பிரிவு எந்தக் கப்பலில் ஏறியது என்பதற்கான பதிவு கையில் கிடைக்கும்வரை, அந்த உறைக்குக் கீழே கப்பலின் பெயரைப் பென்சிலால், ஒரு கேள்விக்குறியுடன் எழுதி வைத்திருக்கிறேன்.