தாயும் மகளும் வாற ஒரு நாவல்: வாசிப்புக் குறிப்புகள்

யூன் 5, 2025

யாழ் பொது நூலகத்தில ஒரு காதல் நாவல் எடுத்தனான், அட்டை கழண்டு ரேப் ஒட்டிக் கிடக்கு, எத்தினை பேர்ட கை பட்டிருக்குமோ. கோயம்புத்தூரில நடக்கிற கதை. புருசன் விட்டிட்டுப் போன ஒரு பொம்பிளை, அஞ்சு வயசு மகள், துணிக் கம்பனியில கணக்கு எழுதிற வேலை. ஹீரோ இன்னும் வரேல்ல, வராட்டிலும் எனக்குக் காரியமில்லை, ஏனெண்டா தாயும் பிள்ளையும் மட்டும் இருக்கிற பக்கங்கள் அவ்வளவு உயிரா இருக்கு. ஒரு கையால பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டு மற்றக் கையால பொங்கிற பாலை இறக்கிறா, பஸ்ஸில பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு ரிக்கற்றுக்குச் சில்லறை தேடுறா. அந்தப் பக்கத்து ஓரத்தில ஆரோ பென்சிலால "பாவம்" எண்டு எழுதியிருக்கினம். எனக்கு அதில உடன்பாடில்லை, அவ பாவமில்லை, கெட்டிக்காரி.

யூன் 7

பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போற இடம் வாசிச்சன். தகப்பன்ர பேர் எழுதிற கட்டத்தில பேனை நிண்டிட்டுது, கிளார்க் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி "அப்பா எங்க"ன்னு கேக்கிறார், பிள்ளை அண்ணாந்து தாயின்ர முகத்தைப் பாக்குது. புத்தகத்தை மூடி வச்சிட்டுக் கொஞ்ச நேரம் அழுதிட்டுத்தான் திரும்ப எடுத்தனான். எங்கட நாட்டுப் பழைய பிறப்புச் சான்றிதழிலயும் தாய் தகப்பன் விவாகம் செய்தவையோ எண்டு ஒரு கேள்வி இருந்தது, 2021 இல வந்த புதுசில அதை எடுத்திட்டினம். நல்ல வேலை. ஒரு பிள்ளை ஆயுசு முழுக்கக் கொண்டு திரியிற கடதாசியில அந்தக் கேள்வி எதுக்கு?

யூன் 8

ஹீரோ வந்திட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, ஓட்டோ இல்லை, அவர் காரோட வாறார். ம்ம்.

யூன் 10

பௌர்ணமிப் போயா லீவு, ஒரே இருப்பில முடிச்சிட்டன். மனசுக்குள்ள கிடந்து அரிக்குது, எழுதத்தான் வேணும். கடைசி நூறு பக்கத்தில பிள்ளைக்கு வேலையே இல்லை, தாயை "ஓம்" சொல்ல வைக்கிறதுக்கு மட்டும் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடிக்குது. முன்னுக்கு எவ்வளவு கேள்வி கேட்ட பிள்ளை! தன்ர தகப்பனைப் பற்றி ஒண்டும் கேக்காமல் ஒரு புது ஆளை அப்பா எண்டு கூப்பிடுமோ?

இன்னொண்டு, இடையில அவ தாய் குடுத்த வீட்டை ஒரு பந்தியில வித்துக் கடனைக் கட்டிப்போடுறா. அங்க அது அவவின்ர சொத்து, அவவின்ர கையெழுத்துக் காணும். இஞ்ச தேசவழமைக்காரருக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்குச் சட்டத்துக்கு உட்பட்டவைக்கு, அப்பிடியில்லை, 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ர சீதனக் காணியை விக்கவோ ஈடு வைக்கவோ புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும், அவர் விட்டிட்டுப் போயிருந்தாலும், இல்லாட்டி மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைய வேணும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதுதான் நடந்தது. புருசன் பிரான்ஸ் போய் போன் எடுக்கிறதையும் விட்டிட்டார், காணி உறுதி அவவின்ர பேரில கிடக்கு, உறுதி எழுதிற நொத்தாரிசு முதல் கேட்டது "புருசன் எங்க பிள்ளை?" அந்த அக்கா தைச்சுத் தைச்சே மகனைப் படிப்பிக்கிறா. இப்பிடி ஒரு கதையை ஆரும் இஞ்ச இருந்து எழுத வேணும், உறுதிக் கடதாசி, நொத்தாரிசு எல்லாத்தோடயும்.

யூன் 14

புத்தகத்தை அக்காவிட்டக் குடுத்தனான், திருப்பிக் குடுக்க இன்னும் நாள் கிடக்கு எண்டு. இண்டைக்குக் கொண்டு வந்து தந்தா. பள்ளிக்கூடக் கட்டம்தான் அவவை உலுக்கியிருக்கும் எண்டு நான் நினைச்சுக்கொண்டு கேக்க, "அது எனக்குத் தெரிஞ்சதுதானே பிள்ளை, அதை ஏன் வாசிப்பான், எனக்குக் கலியாணம்தான் பிடிச்சது" எண்டா. அதிலயும், இரவு வேலை முடிஞ்சு வாறவவிட்ட அவர் "சாப்பிட்டீங்களா"ன்னு கேக்கிற இடத்தை ரெண்டு தரம் வாசிச்சவவாம்.

நான் விடேல்ல, "அதுக்குப் பிள்ளையை இப்பிடிப் பாவிக்கலாமோ அக்கா" எண்டு கேட்டன். "பிள்ளைக்கும் ஒரு ஆள் வேணும்தானே" எண்டா. "அப்ப முதல் பிள்ளையிட்டக் கேக்கோணும்" எண்டன். தேத்தண்ணி ஆறுற வரைக்கும் கதைச்சம், ரெண்டு பேரும் அசையேல்ல. போகேக்க சொன்னா, அடுத்த முறை நூலகம் போனால் இதே எழுத்தாளர்ட வேற ஒண்டு எடுத்து வா, ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல் வராத கதையாப் பார் எண்டு.