பதிவேற்றும்போது மட்டும் அறுந்த வைஃபை

அப்பாவின் நாகஸ்வரக் கச்சேரிகள் 62 கேசட்டுகளில் இருந்தன. ஈரம் பட்டு நாடா ஒட்டிக்கொள்வதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று சென்ற மழைக்காலத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேர கேசட்டைச் சுருக்காமல் வேவ் கோப்பாக வைத்தால் 600 எம்பிக்கு மேல் வரும். எல்லாம் சேர்த்து 38 ஜிபி. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் கேட்பதற்காக அவற்றை இணையச் சேமிப்பகத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. மாற்றும் வேலை இரண்டு மாதத்தில் முடிந்தது. ஏற்றும் வேலைதான் மூன்று வாரம் என்னை அலைக்கழித்தது.

என் கணினி மாடியில், ரவுட்டர் கீழே கூடத்தில். மேசைக் கணினியில் வைஃபை இல்லாததால், கட்டைவிரல் நகம் அளவுள்ள யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் செருகியிருந்தேன். செய்தி படிக்கலாம், படம் பார்க்கலாம், எந்தத் தொல்லையும் இல்லை. கோப்புகளை ஏற்றத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் இணைப்பு அறுந்துவிடும். அரை நிமிடத்தில் தானாகவே திரும்பி வரும். மறுபடி அறுந்துபோகும்.

முதலில் ரவுட்டரைத்தான் சந்தேகித்தேன். ஆனால் அறுந்த நேரத்திலும் என் கைப்பேசி அதே மேசையில், அதே வைஃபையில் ஒழுங்காக இயங்கியது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து 192.168.1.1 என்ற ரவுட்டர் முகவரிக்கு இடைவிடாமல் பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு கேள்வி, அனுப்பிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு மில்லி வினாடியில் பதில் வந்துகொண்டிருந்தது. அறுந்த கணத்தில் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' வரும் என்று நினைத்தேன்; வந்தது 'ஜெனரல் ஃபெயிலியர்'. முன்னது, அனுப்பிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது. பின்னது, அனுப்பவே வழியில்லை என்பது. இந்த வேறுபாட்டை அன்றே யோசித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிப் புதிதாக நிறுவினேன். பயனில்லை. கணினியில் இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் பெட்டியில் இருந்த குறியை எடுத்தேன். பலரும் முதலில் சொல்லும் மருந்து இதுதான். சும்மா இருக்கும்போது இணைப்பு விழுகிறவர்களுக்கு இது கேட்கும். எனக்கோ வேலை செய்யும்போதுதான் விழுந்தது. உறங்க வைக்கும் ஏற்பாட்டுக்கும் ஓடும்போது மயங்கி விழுவதற்கும் என்ன தொடர்பு?

விடை காதில் விழுந்தது. ஓர் இரவு, மாற்றிய கோப்பு ஒன்றைச் சரிபார்க்க ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அப்பாவின் தோடி ஆலாபனையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னணியில் பதிவேற்றம் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட காந்தாரம் ஒன்றின் நடுவே இரண்டு மணியொலி இறங்குசுரத்தில் கேட்டது. சற்று நேரம் கழித்து ஏறுசுரத்தில் இரண்டு. பென் டிரைவைப் பிடுங்கும்போதும் செருகும்போதும் விண்டோஸ் எழுப்பும் அதே ஒலி. திரையைப் பார்த்தேன், வைஃபை குறி மறைந்து மீண்டும் வந்திருந்தது. அடாப்டரை நான் தொடக்கூட இல்லை. அறுந்தது வைஃபை அல்ல, யூஎஸ்பி இணைப்பே.

அதன் பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கணினியின் முன்பக்கத் துளையில், ஒரு யூஎஸ்பி துளையை நான்காகப் பிரிக்கும், நான்கு வாய் கொண்ட ஒரு ஹப். அதில் அடாப்டரும், கோப்புகள் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அருகருகே. தொட்டால் அடாப்டர் விரல் சுடும் அளவுக்குக் கொதித்தது.

யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். தனி மின் இணைப்பு இல்லாத ஹப் அந்த 500-ஐத்தான் எல்லா வாய்களுக்கும் பங்கிட முடியும். விதிப்படி ஒரு வாய்க்கு 100 தான். ஆனால் டிவைஸ் மேனேஜரில் அந்த ஹப்பின் பவர் பக்கம், வாய் ஒன்றுக்கு 500 என்று காட்டியது. தனக்கென்று மின்சாரம் இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லியிருக்கிறது அந்தப் பெட்டி. கணினியும் அதை நம்பி இரண்டு சாதனங்களையும் அனுமதித்துவிட்டது. படம் பார்க்கும்போது அடாப்டர் பெரும்பாலும் அலையை வாங்குகிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு வேலை இல்லை. பதிவேற்றத்தில் அடாப்டர் இடைவிடாமல் அலையை அனுப்புகிறது, அதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். அதே நேரம் ஹார்ட் டிஸ்க்கும் சுழன்று கோப்பைப் படிக்கிறது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் மின்னழுத்தம் சரிகிறது, அடாப்டர் அணைந்து எழுகிறது.

ஹப்பைக் கழற்றினேன். மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும் பின்பக்கத் துளைகளில், அடாப்டரைக் கருப்புத் துளையிலும் ஹார்ட் டிஸ்க்கை அதற்கு அடுத்த நீலத் துளையிலும் செருகினேன். அந்த மணியொலி அதோடு நின்றது. ஆனால் இப்போது வேறொரு கோளாறு: பிங் 300, 400 மில்லி வினாடிக்கு ஏறி, இடையிடையே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்'. இந்த முறை செய்தியைப் படித்ததுமே அலையில்தான் சிக்கல் என்று புரிந்தது. நீலத் துளை யூஎஸ்பி 3.0. அதன் வேகத்தில் தரவு ஓடும்போது வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கசியும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருக்கிறது. ஹப்பில் இருந்தவரை ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடியதால் இது தலைகாட்டவில்லை.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதுதான் நேரான வழி. ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு அந்த அலை சரியாக எட்டவில்லை. அதனால் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, அடாப்டரை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விலக்கி, காற்று படும்படி ஜன்னல் கம்பியில் நூலால் கட்டினேன். நீட்டிப்புக் கம்பி மிக நீளமானாலும் மெலிந்ததாக இருந்தாலும் அதிலேயே மின்னழுத்தம் குறைந்துவிடும்; குட்டையானதாகவும் தடித்ததாகவும் பார்த்து வாங்குங்கள்.

இரவு பத்து மணிக்கு 62 கேசட்டுகளின் கோப்புகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஏற்றத் தொடங்கினேன். பிங் சாளரத்தைத் திறந்தே வைத்திருந்தேன். மூன்று, ஐந்து, நான்கு என்று எண்கள் ஓடின. இரண்டரை மணிக்கு எழுந்து பார்த்தபோது கடைசிக் கோப்பு ஏறிக்கொண்டிருந்தது. காலையில் அண்ணன் அழைத்து, தோடியை முழுவதும் கேட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடாப்டர் அந்த ஜன்னல் கம்பியிலேயே இருக்கிறது. ஹப்பில் இப்போது மவுஸும் கீபோர்டும் மட்டும்.